அலை தூக்கும்போது போய்ச் சேர்ந்த சேதி

காலை 6.40. மயிலாப்பூர் லஸ்ஸில் பேருந்து ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெசன்ட் நகர் ஆறேழு கிலோமீட்டர்தான்; அன்று அது முடியவே இல்லை. என் மகள் மேரிக்கு வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்ததால் மாலையில் ஆபரேஷன். அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். எங்கும் இருப்பு இல்லை, பத்து மணிக்குள் கொடுப்பவரை அழைத்து வாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் அந்த வகை என் தம்பி சேவியருக்கு மட்டும். அவனோ மீன் பிடிக்கக் கடலில். ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் போன். அடித்துக்கொண்டே இருந்தேன், போகவில்லை.

7.25. பெசன்ட் நகர் கடலோரம், ஊரூர் ஒல்காட் குப்பம், நான் பிறந்த இடம். தம்பியின் பக்கத்து வீட்டுத் தேவகி மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, போனைக் காதுலயே ஒட்டிக்கினு கீறே? அங்க பேசுறதுக்கெல்லாம் டவர் இல்ல. குப்பத்து குரூப்புல வாய்ஸ் போட்டுட்டு சும்மா இரு. அது காத்துக்கினு இருக்கும்."

"எத்தினி நேரம்?"

"அலை போட்டைத் தூக்குறப்ப ஒரு கோடு சிக்னல் வரும். எவன் போன்லயாச்சும் வுழும். ஒருத்தன் கேட்டா போதும்."

கேட்டவன் சட்டையைக் கழியில் கட்டித் தூக்குவானாம். அதைப் பார்த்து அடுத்த படகு கிட்டே வரும். அப்புறம் வாய்க்கு வாய். நானும் மாதாவை வேண்டிக்கொண்டு, மேரிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும், சேவியரை அனுப்புங்க என்று ஆஸ்பத்திரி பெயரோடு வாய்ஸ் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தேன்.

7.58. யாரோ ஒருவன் குரல், காற்று இரைச்சலோடு: "சொல்லிட்டோம்க்கா, சேதி போய்க்கினு கீது."

8.45. சேவியரின் படகு கரை தட்டியது. ஈரத்தோடு ஆட்டோவில் ஏறினான். இருநூற்றைம்பது ரூபாய்.

"கவுச்சி அடிக்குது நைனா, சீட்டு நனையுது," என்றார் ஓட்டுநர். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் வண்டி பறந்தது.

9.30. ஆஸ்பத்திரி. தம்பியை உள்ளே கூட்டிப்போனார்கள். அரை மணியில் வராந்தாவே மீன் வாடை. பதினோரு பேர், லுங்கியில் உப்புத் தண்ணீர் காயாமல். வாய்க்கு வாய் போனதில் ரத்த வகையும் தம்பி பெயரும் கழன்று, 'மேரிக்கு ரத்தம்' என்பது மட்டும் கடைசிப் படகுகளுக்குப் போயிருக்கிறது. வலையைச் சுருட்டிக்கொண்டு எல்லோருமே வந்துவிட்டார்கள்.

நெற்றியில் விபூதி வைத்த ஒருவர் கையை நீட்டினார். "யாருது சேருதோ எடுத்துக்க சிஸ்டர்."

"ஒருத்தர் போதும்யா, கிளம்புங்க!" என்று நர்ஸ் சிரித்தாள்.

ஒருவரும் கிளம்பவில்லை. மாலை 5.10க்குப் பேத்தி அழுத சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தார்கள்.

நான் வாழ்க்கைப்பட்ட மயிலாப்பூர்த் தெருவில் எந்நேரமும் சிக்னல் உண்டு. அங்கிருந்து விசாரித்து நாலு போன் வந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் "இவங்கள்லாம் உங்களுக்கு யாரும்மா?" என்று நர்ஸ் கேட்டபோது, "எங்க ஊர்க்காரங்க" என்று அந்த வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.