கஸ்டம்ஸில் நின்ற பெட்டி

சித்தி லண்டனிலிருந்து அனுப்பிய பெட்டி சென்னை கஸ்டம்ஸில் பதினொரு நாள் நின்றது. எங்கள் வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அம்மா குளிக்கப் போகும்போதெல்லாம் அவள் போனை எடுத்து, சித்தி தந்திருந்த பார்சல் எண்ணைப் போட்டுப் பார்ப்பேன். கஸ்டம்ஸில் இருக்கிறது என்று நேற்று வந்த அதே வரிதான் இன்றும் வரும்.

கஸ்டம்ஸ் என்றால் விமான நிலையத்தில் தங்கம் கடத்துகிறவர்களைப் பிடிக்கிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு கல்ஃப்காரர்களுடையது. அந்தக் கதைகளுக்குக் குறைவில்லை. பெட்டியில் இருந்தது ஒரு ஸ்வெட்டரும் சிவப்பு ஷூவும். ஷூ கேட்டது நான். பின்கோடு முதற்கொண்டு முகவரி அனுப்பியதும் நான். போலீஸ் வந்தால் யாரைப் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய பயம் அம்மாதான். தாத்தா இறந்தபோது சித்தி வரவில்லை. இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தும் வரவில்லை. அதற்குப்பின் தங்கை பெயரை அம்மா வாயால் சொன்னதில்லை. சித்தியும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் நான் உடனுக்குடன் அழித்துவிட்ட மெசேஜ்களில்தான்.

பதினான்காம் நாள் தபால்காரர் பெட்டியோடு வந்தார். கஸ்டம்ஸில் அதன் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் விலையைக் குறைத்து எழுதுவார்களாம். சித்தி உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். அதனால் இரண்டாயிரத்துச் சொச்சம் தீர்வை கட்டவேண்டும் என்றார். அனுப்பியவர் பெயரை அம்மா வாசித்தாள். முகவரி கொடுத்தது யார் என்று இதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் கேட்கவில்லை. “இவ்வளவு பைசா கெட்டி வாங்க நமக்கு வசதி இல்ல. திருப்பி அனுப்பிடுங்க,” என்றாள்.

அலமாரியில் பணம் இருந்தது எனக்குத் தெரியும்.

“போனா போனதுதான் அக்கா. வேணும்னா ரெண்டு நாள் ஆபீஸ்ல வச்சிருக்கேன்,” என்றார் தபால்காரர்.

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்படியானால் வேண்டாம் என்று பெட்டிமேல் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று பேனாவை நீட்டினார் அவர். அம்மா அதை வாங்கினாள், பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“மக்களே, ‘ரெஃப்யூஸ்டு’ன்னு இங்கிலீஷ்ல எழுது. உனக்க எழுத்து நல்லா இருக்கும்லா.”

எழுதினேன். பிழையில்லாமல், எழுத்துகளைச் சேர்த்துச் சாய்த்து. கீழே அம்மா கையெழுத்துப் போட்டாள். தபால்காரர் பெட்டியை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியில் அன்று மத்தியானம் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா தலைவலி என்று படுத்துவிட்டாள். தாத்தா இறந்த சமயம் விசா காகிதங்கள் முடியாமல் அந்த நாட்டைவிட்டு வெளியே வந்திருந்தால் சித்தியால் திரும்பிப் போகவே முடியாமல் ஆகியிருக்கும் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு எனக்கு வருத்தம் ஷூ போனதில் மட்டும்தான். கையைப் பிடித்து எனக்கு ஆங்கிலம் எழுதப் பழக்கியவள் சித்தி. பெட்டி அவளிடம்தான் போய்ச் சேரும் என்பதோ, அதன்மேல் இருப்பது யார் எழுத்தென்று அவளுக்குப் பார்த்ததும் தெரியும் என்பதோ எனக்குத் தோன்றவே இல்லை.