தைத்து மூடிய பை

எங்கள் தெருத் தையல்காரர் யாரையும் நம்பமாட்டார். இடுப்பளவை வாயால் சொன்னால் டேப் வைத்துப் பார்ப்பார். பார்த்த பிறகு டேப்பையும் சந்தேகிப்பார். காலடி நிலத்தையும் நம்பமாட்டார். அதில் தப்பில்லை, எங்கள் ஊரில் நிலம் அவ்வப்போது தோளைக் குலுக்கும். ஆனால் நிலத்தைவிட ஒரு படி கூடுதலாக, வீட்டோடு இருக்கும் மைத்துனனைச் சந்தேகித்தார்.

நிலநடுக்கத்துக்கென்று வீட்டுக்கு வீடு வாசலருகே ஒரு பை இருக்கும்: தண்ணீர், டார்ச், பிஸ்கட். அவர் வீட்டுப் பையில் மகளுக்கான மூச்சு மருந்துப் பம்பும் உண்டு. தூசி பட்டால் அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். சுவர் ஆடினால் தூசிக்கா பஞ்சம்?

ஒருநாள் பையில் பிஸ்கட் குறைந்திருந்தது. மைத்துனன் மீசையில் துகள் இருந்ததாகத் தையல்காரர் இன்றும் சாதிக்கிறார். உலகில் எந்தப் பாதுகாப்பு நிபுணருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. பையின் வாயை மெஷினில் கொடுத்து இரட்டைத் தையல் போட்டு மூடிவிட்டார்.

"ஏங்க, அவசரத்துக்கு எப்படிப் பிரிக்கிறது?" என்றாள் மனைவி.

"கத்தரிக்கோல் உள்ளயே இருக்கு. நான் என்ன முட்டாளா?"

மனைவி பையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதுவும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் பை ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கைத்தையல், கோணலாக.

"மாப்ள, இது என் தையல் இல்ல."

"மாமா, எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது."

"தெரியாதவன் தச்ச மாதிரிதான் இருக்கு."

அந்த வாரமே ஒரு சாயங்காலம் தரை ஆடியது. எல்லோரும் மேசைக்கடியில் புகுந்து, ஆட்டம் நின்றதும் பையோடு மைதானத்துக்கு ஓடினார்கள். வீடு நின்றது; பூச்சு மட்டும் மாவாக உதிர்ந்திருந்தது. அந்தத் தூசியில் பிள்ளையின் மூச்சு விசிலடித்தது. தையல்காரர் பை வாயைப் பிடித்து இழுத்தார். பிரியவில்லை. தன் தொழில் சுத்தத்தை வாழ்நாளில் முதன்முறையாகச் சபித்தபடி பல்லால் கடித்தார். மறுமுனையை மைத்துனன் கடித்தான்.

மனைவி தன் இடுப்பில் செருகியிருந்த பம்பை எடுத்து மகள் வாயில் வைத்தாள். ஏறி இறங்கிய சின்னத் தோள்கள் மெல்ல அடங்கின.

தையல்காரர் பையைப் பல்லிலிருந்து விட்டு மனைவியைப் பார்த்தார். "அந்தக் கோணல் தையல் நீ போட்டதா?"

"ஆமா. நீங்க மூடின அன்னிக்கே ஓரத்தப் பிரிச்சு பம்ப எடுத்துட்டேன். நிலம் எப்ப ஆடும்னுதான் தெரியாது. உங்கள எனக்குத் தெரியாதா?"

அவர் கோணல் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப பிஸ்கட்?"

மைத்துனன் பிள்ளையைப் பார்த்தான். வாயில் பம்பு இருந்தபடியால் அவள் பதில் சொல்லவேண்டி வரவில்லை. தேவைக்கு மேலும் கொஞ்ச நேரம் அதை அங்கேயே வைத்திருந்தாள்.