மெதுவாக ஓடச் சொன்னார்கள்

விளையாட்டு அணியில் பிசியோதெரபிஸ்ட் வேலை என்பது இதுதான்: நாம் ஓடுவதை மைதானமே பார்க்கும், நாம் சொல்வதை ஒருவரும் கேட்க மாட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடிபட்டவனை நோக்கி ஓடியவர்கள் யாராவது இதைப் படித்தால், இத்தனை வருஷம் கழித்தும் நான் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று விளக்க வேண்டியிருக்காது. ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் பணம் புரண்ட நாட்களில் ஒரு சின்ன தொழில்முறைக் கால்பந்து லீக் நடந்தது. அதில் ஓர் அணிக்கு ஒரு சீசன் முழுக்க நான் பிசியோ. அணியின் ஓனர் கோயம்புத்தூர்க்காரர், அங்கே மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தியவர். கோச் ஃபெலிக்ஸ் மாஸ்டர், தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத்வாசி.

ஐஸ் பெட்டி

முதல் மேட்ச் அன்று காலையில் நானே கடை கடையாக அலைந்து ஐஸ் வாங்கிப் பெரிய பெட்டியில் நிரப்பி பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏப்ரல் வெயில். இடைவேளைக்கு முன்பே ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. பெட்டியைத் திறந்தால் உள்ளே கொஞ்சம் தண்ணீரும் ஒரு எலுமிச்சைத் துண்டும்தான் கிடந்தன. ஐஸ் முழுவதும் பந்தலுக்குப் போயிருந்தது. அங்கே ஓனரின் விருந்தாளிகள் கூல்ட்ரிங்க்ஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நேராகப் பந்தலுக்கே போய்க் கேட்டேன். ஓனர் ஒன்றும் கோபப்படவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஏனுங்க மேடம், பையனுக்குப் பச்சைத் தண்ணி ஊத்துனாப் பத்தாதுங்களா? இவங்கெல்லாம் அமெரிக்காவுல இருந்து வந்திருக்கற கிளையன்ட்டுங்க."

தொப்பியைக் கழற்றினால்

இரண்டு மூன்று மேட்சுக்குள் நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நாங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, ஆட்டம் முடியும் நேரத்தில், ஃபெலிக்ஸ் மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைப்பார். உடனே எங்கள் கோல்கீப்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுவான். அது சமிக்ஞை என்று தெரியாத முதல் நாள், நான் உயிரைக் கொடுத்து ஓடினேன். மண்டியிட்டு எங்கே வலிக்கிறது, மரத்துப்போகிறதா, காலை அசைக்க முடிகிறதா என்று பதறிப்போய்க் கேட்டேன். அவன் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தான்.

"மெதுவாப் பாருங்கக்கா, விசில் அடிக்க இன்னும் டைம் இருக்கு."

மாஸ்டரின் விளக்கம்

அன்று பஸ்ஸில் ஏறியதும் மாஸ்டரிடம் சண்டை போட்டேன். நான் படித்தது வைத்தியம் பார்க்க, நேரத்தைக் கடத்தும் நாடகத்தில் நர்ஸ் வேஷம் கட்டுவதற்கு இல்லை என்று கத்தினேன். ஒருநாள் நிஜமாகவே ஒருவன் விழுவான், அன்று யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன். பையன்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டர் வேர்க்கடலை உரித்துக்கொண்டே அந்த ஊர் உருது கலந்த தமிழில் கேட்டார்: "கைக்கு மா, எதுக்கு இத்தன கோபம்? உன்ன ஓடத்தானே சொன்னோம், கோல் போடவா சொன்னோம்?"

கை காட்டாத நடுவர்

அந்த அணியில் நிஜமாகவே பந்தாடத் தெரிந்தவன் சாமுவேல். செகந்திராபாத் பக்கம் பொல்லாரத்துப் பையன், இடது ஓரத்தில் ஓடுவான், ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. சீசன் முடிந்ததும் கோவாவில் ஒரு பெரிய கிளப் அவனைத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தது. வீட்டில் மூன்று பேர் அவனை நம்பி இருந்தார்கள். கோவா கிடைத்தால் எல்லோரும் கரையேறிவிடலாம்.

அரையிறுதியில் ஒரு தடியன் குறுக்கே காலை விட, சாமுவேல் விழுந்தான். முட்டி திரும்பியதை நான் பார்த்தேன். நடுவர் கை காட்டினால்தான் எங்களைப் போன்றவர்கள் உள்ளே போகலாம், அது விதி. நடுவர் எங்கள் பெஞ்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். சாமுவேல் எழுந்து, அந்த முட்டியோடு நொண்டிக்கொண்டே ஓட ஆரம்பித்தான். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. விதியாவது ஒன்றாவது என்று உள்ளே ஓடினேன். நடுவர் விசிலை ஊதிவிட்டு, வெளியே போகச் சொல்லித் தெலுங்கில் கத்திக் கையைக் கேட்டின் பக்கம் நீட்டினார்.

"நாடகம் சாலும்மா, பயட்டிக்கி வெள்ளண்டி!"

எத்தனை பர்சென்ட்?

மறுநாள் ஸ்கேனில் முட்டி ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. ஓய்வு கொடுத்து, பயிற்சி கொடுத்தால் அறுவை இல்லாமலே சரியாக வாய்ப்பு உண்டு, கோவாக்காரர்களிடம் பேசித் தேர்வைத் தள்ளிவைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஃபைனல் ஆடினால் மிச்சமும் போய்விடும் என்றும் சொன்னார். இதை அப்படியே ஓனரிடம் போய்ச் சொன்னேன். ஃபைனலுக்கு ஆபீஸ் முழுவதும் வருகிறது, டி-ஷர்ட்டெல்லாம் அடித்தாகிவிட்டது என்று அவர் தலையைச் சொறிந்தார். பிறகு முட்டி எத்தனை பர்சென்ட் சரியாக இருக்கிறது என்று கேட்டார். பாதிதான் மிச்சம் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்பச் சரிங்க, செகண்ட் ஹாஃப் மட்டும் ஆடட்டும்."

சாமுவேலின் கணக்கு

சரி, இவனாவது கேட்பான் என்று பொல்லாரத்துக்கே போனேன். காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான். நான் பேசியதையெல்லாம் தலையாட்டிக் கேட்டான். கெஞ்சினேன், அதட்டினேன், அவனைத் திட்டவும் செய்தேன். கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. அவன் கோவா போக வேண்டுமென்றால் ஓனர் அவனை விடுவிக்க வேண்டும். ஃபைனல் ஆடினால்தான் விடுவிப்பேன் என்று ஓனர் சொல்லியிருக்கிறார்.

"ஆடுனா முட்டி போவும், ஆடலேன்னா கோவா போவும். நக்கோ, வேணாம்னு நீங்க ஈஸியா சொல்லிட்டீங்கக்கா, நான் யாருகிட்ட சொல்றது?"

ஃபைனல்

அவனை இறக்கினால் பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன். ஆனாலும் உட்கார்ந்தேன். அவன் விழுந்தால் ஓடுவதற்கு அங்கே வேறு ஆள் இல்லை.

இடைவேளையில் நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் மாஸ்டரே என் பையைத் திறந்து, வலி தெரியாமல் இருக்க ஸ்ப்ரேயைச் சாமுவேலின் முட்டியில் காலியாகும்வரை அடித்து, துணியைச் சுற்றி உள்ளே அனுப்பிவிட்டார். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். சாமுவேல் ஒரே ஒரு முறைதான் பழைய சாமுவேலாக ஓடினான். டி-ஷர்ட் கூட்டம் எழுந்து கத்தியது. திரும்பும்போது, பக்கத்தில் ஒருவரும் இல்லாமலே விழுந்தான். அவன் அலறிய அலறலில் நடுவர் உடனே கை காட்டினார். நான் பாய்ந்து ஓடினேன். பின்னாலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார்.

"ஓடாத மா! மெதுவா நடந்து போ, டைம் இருக்கு!"

குரூப் போட்டோ

ஜெயித்துவிட்டோம். ஆம்புலன்ஸுக்குப் போக வேண்டியவனை ஓனர் ஸ்ட்ரெச்சரோடு மேடைக்குத் தூக்கி வரச் சொன்னார். போட்டோவில் ஹீரோ இல்லாவிட்டால் எப்படி என்றார். நான் குறுக்கே நின்றேன். என்னைத் தள்ளவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். சாமுவேலை நடுவில் உட்கார வைத்துக் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது. அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். வலிக்கு ஊசி கேட்கப்போகிறான் என்று குனிந்தேன்.

"அக்கா, கால் தெரியாம எடுக்கச் சொல்லுங்க. பேப்பர்ல வந்தா கோவாக்காரங்க பாத்துடுவாங்க."

அடுத்த சீசனுக்கு என்னை எடுக்கவில்லை, என்னிடம் ஒத்துழைப்புப் போதாது என்று காரணம் சொன்னார்களாம், என்னைப் பற்றி அவர்கள் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.