டீ இல்லாத எட்டு நாட்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில், தமிழ்செல்வி பதினொரு வருஷமாக டீ போடுகிறாள். அதே கேன்டீனில் வடை தட்டுகிறவள் நான், ரோஜா. ஒவ்வொரு கொதி இறங்கியதும் முதல் டம்ளரை அவள்தான் குடிப்பாள். அவள் தலையாட்டினால்தான் கேன் ஷெட்டுக்குப் போகும். நாளைக்குப் பத்துக் கொதி, பத்து டம்ளர். சோறு இல்லாமல் இருப்பாள், டீ இல்லாமல் இருக்க மாட்டாள்.

போன வருஷம் புற்றுநோய் என்று இடது மார்பை எடுத்துவிட்டார்கள். முடி கொட்டி, திரும்ப முளைத்து, வேலைக்கு வந்தாள். ஜாக்கெட்டுக்குள் பருத்தித் துணியை மடித்து வைத்திருப்பாள். ஒரு நாள் குனிந்து டீ கேனைத் தூக்கும்போது துணி நழுவிக் கழுத்துக்கு ஏறிவிட்டது. எதிரே நின்ற லோடுமேன் ஒருவன் சிரித்தான். அவனுடைய டம்ளரில் நான் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அவள் அன்று முழுக்க முதுகைக் காட்டியே நின்றாள்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுச் சதையை எடுத்து மார்பு வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிடிவாதம் பிடித்தாள். அவள் புருஷன் பரசுராமன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். குதித்தார்.

“உசுரு பொழச்சதே பெருசு. மூணு புள்ள பெத்தவளுக்கு இன்னா ஷோக்கு வேண்டிக் கெடக்குது?”

“ஷோக்கு இல்ல. குளிக்கும்போது குனிஞ்சா பள்ளமா கீது. எனக்கு அந்தப் பள்ளம் வேணாம்.”

“ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கிட்ட வந்து அழுவாத. சொல்லிட்டேன்.”

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது. லீவு போட்டு நான்தான் கூட இருந்தேன். அட்மிட் ஆன அன்றைக்கு டாக்டரம்மா வந்து சொன்னார்: “வயித்துச் சதையில இருக்கிற ரத்தக் குழாயை நெஞ்சில இருக்கிற குழாயோட சேர்த்துத் தைப்போம். நூல் தண்டிதான் இருக்கும். ஒரு மாசத்துக்கு டீ, காபி, சாக்லேட் எதுவும் வாயில படக்கூடாது. குழாய் சுருங்கினா சதை செத்துடும்.”

“ஒரு மாசம் இன்னா மேடம், ஒரு வருஷம்கூட இருக்கேன்” என்றாள். நான் மனசுக்குள் சிரித்தேன். தப்பாகச் சிரித்துவிட்டேன்.

மறுநாள் ஆபரேஷன், ஒன்பது மணி நேரம். பிறகு மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து புது மார்பைத் தொட்டு, சூடும் நிறமும் பார்த்துப் போனார். தமிழ்செல்வி போர்வையைத் தூக்கிப் பார்த்து, “வந்துடுச்சுடி” என்றாள். பதினாறு வயசுப் பெண்ணின் முகம் அப்போது அவளுக்கு.

அதற்கடுத்த நாள் தலைவலி ஆரம்பித்தது. பதினொரு வருஷத்து டீயை ஒரே நாளில் நிறுத்தினால் சும்மா விடுமா? பக்கத்துக் கட்டிலில் பிளாஸ்க் திறந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நெற்றியில் முஷ்டியால் குத்திக்கொள்வாள். நர்ஸ் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வாய் டீ என்று கேட்கவே இல்லை.

என்னால்தான் பார்க்க முடியவில்லை. எங்கள் கேன்டீன் முதலுதவிப் பெட்டியில் ஒரு தலைவலி மாத்திரை இருக்கும். தலை கனத்தால் நாங்கள் எல்லோரும் அதைத்தான் போட்டுக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரி மெடிக்கலில் சீட்டு கேட்காமல் அதில் ஆறு கொடுத்தான். நர்ஸிடம் கேட்டால் கத்துவாள் என்று கேட்கவில்லை. டீயா, காபியா, மாத்திரைதானே என்று நினைத்தேன். முதல் மாத்திரை உள்ளே போன அரை மணியில் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து சீப்பு கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையும் மாலையும் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலை நர்ஸ் துணியை விலக்கினார். ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்துவந்தார். சதை ஓரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கட்டு தட்டையாக இருந்தது.

“டீ குடிச்சீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இல்ல மேடம்.”

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் வந்த பரசுராமன் வார்டே கேட்கக் கத்தினார். “டீக்காரி ஆச்சே, வாயக் கட்டுவாளா? ஒரு வாய் டீக்கு எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு உக்காந்துகினு கீறா!” பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். அவர் நம்பவில்லை. அதற்குள் எளாவூரில் அவர்கள் தெரு முழுக்க அதே பேச்சு.

எட்டாம் நாள் பையைத் துடைத்து அடுக்கும்போது காலி மாத்திரை அட்டை கீழே விழுந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள் நந்தினி மருந்தாளுநர் படிப்பு படிக்கிறாள். எடுத்துப் படித்தவள், “அக்கா, இதுல காஃபின் கீதே. டீயில இருக்கிறதுதான்” என்றாள். டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. சில சமயம் குழாய் தானாவே அடைச்சுக்கும். ஆனா எங்களைக் கேட்டிருக்கலாம் இல்ல?”

அடித்திருந்தால்கூடத் தேவலாம்.

தமிழ்செல்வியின் கட்டிலோரம் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். அட்டையை வாங்கி, ஆறு குழிகளையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

“உங்க ஊட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிடறேன்” என்றேன்.

“வேணாம். அப்பறம் உன்னை வாசப்படி மிதிக்க விட மாட்டாரு. எனக்கு வேற யாரு கீறா?”

அழுதேன். அவள் அழவில்லை. அட்டையை என் கையில் திணித்தாள்.

“போய் ஒரு டீ வாங்கினு வா. குடிச்சேன்னு பேரு வந்தாச்சு. இனிமே குடிச்சா இன்னா போவுது?”

வாங்கி வந்தேன். இடது கை எழவில்லை, வலது கையில் ஊசி இருந்தது. நான்தான் டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். முதல் வாயைக் கேன்டீனில் செய்வதுபோலவே நாக்கில் நிறுத்திப் பார்த்தாள்.

“டிகாஷன் பழசு” என்றாள்.

அடிவரை குடித்தாள். தலையாட்டவில்லை.