ஏழாவது பலூன்

எங்கள் அத்தை துப்பாக்கியை எடுத்தால் குறி தப்பாது. ராயபுரத்து மாதா கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடைக்காரர் அவளைக் கண்டதுமே கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் வீட்டில் யாருக்கும் அந்தப் பெருமை இல்லை. அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடங்களும் அவள் சுட்டதைப் பார்த்துவிட்டுத்தான், "பொண்ணு ஆம்பள கணக்கா கீது" என்று நழுவியிருந்தன.

எங்கள் சனத்தில் பெண் பார்க்கும் முதல் சந்திப்பு வீட்டில் நடக்காது. பூசை முடிந்து திருவிழாக் கடைகளைச் சுற்றும்போது ஏதோ தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி நடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் யாருக்கும் மானம் போகாது பாருங்கள்! அந்த வருடம் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் அப்படித் தற்செயலாக வந்தார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே என் அம்மா அத்தையிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்: "துப்பாக்கி பக்கம் போனே, அவ்ளோதான். இந்த எடமும் போச்சின்னா உங்கண்ணன் தாங்க மாட்டாரு."

அத்தை சமர்த்தாகத் தலையாட்டினாள். அப்புறம், "கொழந்தை ஆசைப்படுது அண்ணி" என்று எட்டு வயசு என்னைக் கொண்டுபோய்ப் பலூன் கடை முன்னால் நிறுத்தினாள். நான் எங்கே ஆசைப்பட்டேன்? பஞ்சுமிட்டாய்க்கு அழுதுகொண்டிருந்தேன்.

துப்பாக்கி பிணக் கனம் கனத்தது. அத்தை பின்னாலிருந்து குனிந்து, என் கைகளின் மேல் தன் கைகளை வைத்துக்கொண்டாள். "மூச்சை அடக்கிக்கினு மெதுவா அழுத்து கண்ணு." டப்! அடுத்தது, டப்! வரிசையாக ஆறு பலூன். மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்துத் துப்பாக்கியில் மாப்பிள்ளையும் சுட்டார். அத்தனையும் பலகையில். மனுஷன் துப்பாக்கியைக் குறை சொல்லவில்லை, தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டார். "இன்னா பாப்பா, எனக்கும் கொஞ்சம் கத்துக்குடேன்" என்று என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் அத்தை தன் கைகளை எடுத்தாள். "ஏழாவது நீயே சுடு கண்ணு."

குழல் தொங்கியது. குண்டு போய்க் கடைக்காரரின் தண்ணீர் பக்கெட்டில் பட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது, என் மானம் கப்பலேறியது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இவ்ளோ நேரம் சுட்டது நீங்களா?"

என் அம்மா "மாதாவே!" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா, நான்தான்" என்றாள் அத்தை.

அவர் என் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி அவளிடம் நீட்டினார். "அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க."

அவள் ஏழாவதை உடைத்தாள். முதலில் கை தட்டியது அவர்தான்.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஊரே பார்க்க என்னைக் கைவிட்டவள் அவள்! கல்யாணத்தன்று பூக்கூடை ஏந்தி முன்னால் நடக்கச் சொன்னபோது கோயில் வாசலிலேயே புரண்டேன். அவள் பட்டுப்புடவை கசங்க என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கெஞ்சிக் கெஞ்சிக் கூட்டிப்போனாள். அப்படியும் நான் முகம் கொடுக்கவில்லை. அந்த மூன்றாவது இடமும் போனால் போகட்டும் என்று துணிந்துதான் அவள் கையை எடுத்தாள் என்பது எட்டு வயசுக்கு எங்கே தெரியும்?