சேக்காட்டுத் தெருவுக்கு வந்த சொத்து வரி

சேக்காட்டில் இல்லாத கட்டடம் ஒன்றுக்கு எங்கள் மாநகராட்சிக் கணினி வரி போட்டிருந்தது. ஆய்வு அதிகாரி வந்து என் எதிரில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சொத்து வரியைக் கணினிக்கு மாற்ற அரசு நிதி கொடுத்தது, தவணை தவணையாக. முதல் தவணையில் ட்ரோன் பறக்கவிட்டோம். மேலிருந்து கூரையாகத் தெரிவதை எல்லாம் சாஃப்ட்வேர் அளந்து வரி போட்டுவிடும். அதிகாரி நேரில் பார்த்து சரி என்றால்தான் அடுத்த தவணை. இல்லாவிட்டால் வேலை பாதியில் நிற்கும். கணினிப் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்த பெண்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வருவாய் உதவியாளனான என்னைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள். பாவம்.

அதிகாரி திரையில் விரல் வைத்தார். "புதுசா கண்டுபிடிச்சதுல இதுதான் பெருசு. மதியம் இதைப் பார்த்துடலாம்."

அம்மன் கோயில் தெரு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, நடுத்தெருவில், ஒரே கட்டடம். ட்ரோன் பறந்தது ஆடி ஞாயிறு என்பது அப்போதுதான் உறைத்தது. கூழ் ஊற்றுவதற்காகத் தெரு முழுக்கத் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். நானே அதன் கீழ் நின்று கூழ் குடித்திருக்கிறேன்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தவணை நின்றுவிடுமே என்று பயந்தேன். வராந்தாவுக்கு ஓடி, கூழ் விழாவை நடத்தும் கஸ்தூரி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்தப் பந்தலை மதியத்துக்குள்ள திரும்பப் போட முடியுமா?"

"இன்னா நைனா, ஆடி எப்பவோ பூட்ச்சே. யாரு செலவு?"

"என்னுதுதான்."

"அப்ப உன் உபயம். கூழும் காய்ச்சிடறேன்."

பந்தலைக் கட்டடம் என்று அதிகாரி நம்பிவிடுவார் என எந்த மூளை எனக்குச் சொன்னதோ, அதே மூளைதான் எங்கள் பிரிவையும் நடத்திக்கொண்டிருந்தது.

மதியம் போனபோது நாலு மூங்கிலும் பாதித் தகரமும் நின்றன. அக்கா அதிகாரியிடம் கூழ்ச் சொம்பை நீட்டினார். "வாங்க சார். எல்லாம் இவரு உபயம். மதியத்துக்குள்ள பந்தல் நிக்கணும்னு ஒரே அவசரம். இம்மாம் பக்தி நான் பாத்ததில்ல."

அதிகாரி பந்தலைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வரி நோட்டீஸ் யார் பேருக்கு? அம்மனுக்கா?"

"இன்னும் அனுப்பல சார்." அன்று நான் சொன்ன முதல் உண்மை. அதன் பின்னாலேயே மிச்சமும் கொட்டிவிட்டது.

கூழைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அவர் சிரித்தார். "இதைக் காலைலயே சொல்லியிருந்தா ஃபேனுக்குக் கீழயே முடிச்சிருப்போமே." பிறகு இப்படி எழுதினார்: படத்தில் புதிதாகத் தெரியும் ஒவ்வொரு கூரையையும் நடந்துபோய்ப் பார்த்த பிறகே வரி போட வேண்டும், அந்த வேலைக்கும் சேர்த்து அடுத்த தவணையை விடுவிக்கலாம்.

கணினிப் பிரிவுப் பெண்களுக்கு வேலை தங்கியது. வெயிலில் என்னோடு தெருத் தெருவாக நடந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "சார், இது கட்டடமா, உங்க உபயமா?" என்று கேட்டார்கள்.

நான் கற்றது இதுதான். படம் தப்பாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். படத்துக்குத் தகுந்தபடி ஊரை மாற்றக் கிளம்பாதீர்கள்.

அந்தக் கட்டடத்தை அன்றே கணினியிலிருந்து நீக்கிவிட்டோம். ஆடிதோறும் கோயில் பேனரில் உபயதாரராக வரும் என் பெயரை நீக்கத்தான் இன்னும் வழி தெரியவில்லை.