ஆட்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும்

சங்கமொன்றுக்குச் செயலாளராக, கையெழுத்து அழகாக இருந்தால் போதும். வாங்கிக் கட்டிக்கொள்வது பிறகு தானாக வரும். இதை வாசிக்கும் பழைய செயலாளர்களே, உங்களுக்குத் தெரியாததா? சூறாவளிக்குப் பிறகு கல்முனையில் கட்டிய நாற்பது வீட்டுத்திட்டத்தில், எண்பதுகளில் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

நாற்பது கை

எங்கள் தலைவர் ஹாஜியார் வாசலில் குரோட்டன் வளர்த்தார். ஒரு நாள் அதை ஆடு மொட்டையடித்துவிட்டது. அந்த வெள்ளியே ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் கூடியது. "வீட்டுத்திட்டத்துக்குள் ஆடு வளர்க்கக் கூடாது" என்று தீர்மானம் வாசித்தேன். நாற்பது கையும் உயர்ந்தன.

அதில் ஒன்று, எங்கள் எல்லாருக்கும் அக்கா முறையான சபியா ராத்தாவின் கை. எனக்குப் பேனா ஓடவில்லை. புருசன் மவுத்தான பிறகு, மூன்று ஆட்டின் பாலை விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. கூட்டம் கலைந்ததும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் கைய உசத்துறாங்க தம்பி, நான் மட்டும் சும்மா இரிந்தா மரியாதையா?"

ஏழு நாள் நோட்டீஸ்

சங்க விதிப்படி, புதுச் சட்டம் ஏழு நாள் பலகையில் இருந்தால்தான் செல்லும். கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டினேன். ராத்தாவின் ஆடு சட்டத்தைத் தின்றுவிட்டது. மறுபடி எழுதி ஒட்டினேன், மறுபடி தின்றது. மூன்றாம் முறை பசையோடு ஆணியும் அடித்தேன். ஆணியைச் சுற்றி என் கையெழுத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. என்னைப் பற்றிய அதன் அபிப்பிராயம் அதுதான் போலும்.

ராத்தா வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்துப் பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பசை புளிச்சிப் போச்சி தம்பி, ஆட்டுக்கு வயிறு ஊதிக் கிடக்கு. புதுசாக் காய்ச்சி ஒட்டுங்களன்."

தவிர, தவிர

நாலாம் முறை தென்னை மரத்தில் இரண்டாள் உயரத்தில் அடித்தேன். ஆட்டுக்கும் எட்டவில்லை, வாசிக்க வந்தவர்களுக்கும் எட்டவில்லை. சட்டம் அமுலுக்கு வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. ஹாஜியாரின் வாசலிலேயே இரண்டு கிடாய் நின்றன. அவசரக் கூட்டம் போட்டு, "குர்பான் ஆடு தவிர" என்று சேர்த்தோம். பொருளாளருக்குப் பேரப்பிள்ளை பிறந்தது, "அகீகா ஆடு தவிர." அவருடைய இளைய மகனுக்குக் கல்யாணம் முற்றாகியது, "கல்யாணத்துக்கு அறுக்கும் ஆடு தவிர." அதுவரை பேசாமல் இருந்த கோடி வீட்டு டேவிட் மாஸ்டர் மெதுவாக எழுந்து நத்தார்ப் பெருநாளை நினைவூட்டினார். அதையும் சேர்த்தோம்.

எழுதி முடித்துப் பார்த்தால், சட்டத்துக்கு மிஞ்சியது பால் ஆடு மட்டும்தான். மூன்று நாளுக்குள் அகற்ற வேண்டும் என்ற கடிதத்தை ராத்தாவிடம் கொண்டுபோனவனும் நான்தான். வாசித்துக் காட்டவே வெட்கமாக இருந்தது.

"அப்ப அறுபடப் போற ஆடு இரிக்கலாம், உசிரோட இரிக்கப் போற ஆடுதான் போகணும். அப்பிடித்தானே தம்பி?"

ராத்தாவின் மனு

மூன்றாம் நாள் கூட்டத்துக்கு ராத்தா வந்தார். இடுப்பில் மகள், கையில் மனு. மூன்று ஆடும் மகளின் கல்யாணத்துக்கு அறுக்க வளர்ப்பவை, ஆகவே சட்டப்படி அனுமதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மகளுக்கு நாலு வயது.

சட்டக் கொப்பியைப் புரட்டினேன். எந்த வருடத்துக் கல்யாணம் என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. அதையும் உடனே திருத்தச் சொன்னார் ஹாஜியார். நான் பேனா மூடியைக் கழற்றவில்லை. செயலாளராக நான் செய்த ஒரே வீரம் அதுதான். ஹாஜியார் ராத்தாவின் பக்கம் திரும்பி, "மாப்பிள்ள இல்லாம என்ன கல்யாணம் புள்ள?" என்றார்.

"சீதனத்துக்கு வீடு இரிக்கி, விருந்துக்கு ஆடும் இரிக்கி. மாப்பிள்ளதான் இன்னும் பாக்கல்ல. உங்கட பேரனுக்கு இப்ப எத்தின வயசு ஹாஜியார்?"

மனு அந்த நிமிடமே ஏகமனதாக நிறைவேறியது. நான் எழுதிய சட்டங்களிலேயே அதன் பிறகு ஒருவரும் மீறாத சட்டம் ஆட்டுச் சட்டம்தான், ஏனென்றால் எல்லா ஆட்டுக்கும் ஒரு "தவிர" கிடைத்துவிட்டதால், மீறுவதற்கு எங்களில் எவருக்கும் வழி மிச்சம் இருக்கவில்லை.